ஜன்னலோரம் மூன்றாவது சீட்டு

ஓசூர்,
29.1.2007

அன்புள்ள மாப்பிள்ளை பூபதிக்கு, உன் மச்சான் வெள்ளைச்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கமுதியில் நீயும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். 'எல்லோரும்' என்றால் எத்தனை பேர் என்பதில்தான் இப்போது எனக்குச் சந்தேகம்.

போன மாசம் நான் ரிட்டயர் ஆனது உனக்குத் தெரியும். கம்பெனியில் சால்வை போட்டு மைக்கைக் கையில் கொடுத்து, "அண்ணே, சந்தோசமா வாழுறதுக்கு என்ன வழின்னு சின்னப் பசங்களுக்குச் சொல்லுங்க" என்றார்கள். இருபத்தெட்டு வருசத்தையும் புரட்டிப் பார்த்தேன், பஸ்தான் ஞாபகம் வந்தது. "ஷிஃப்ட் பஸ்ஸை விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

மறுநாள் காலை ஆறு பத்துக்குப் பனிமூட்டத்தில் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ் வந்து நின்று கிளம்பியது. ஜன்னலோரம் மூன்றாவது சீட்டு என்னுடையது, வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். அதில் நான் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனேன்! அதே பச்சைக் குரங்கு குல்லா. தொட்டுப் பார்த்தால் குல்லா என் தலையிலும் இருக்கிறது. பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன் மாப்பிள்ளை. கண்ணில்தான் கோளாறு என்று கண்ணாடியை மாற்றினேன், இன்னும் தெளிவாகத் தெரிந்தேன். டிரைவர் திம்மராயனை டீக்கடையில் பிடித்துக் கேட்டால், "இன்னாண்ணா, டெய்லி ஏர்றே, தூங்குறே, எறங்குறே. எப்பவும் போலத்தானே கீறே?" என்கிறான். என் சாப்பாட்டுக் கேரியர் வேறு காலையில் காணாமல் போய், சாயங்காலம் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கிறது.

பயத்தில் வெளியே தலைகாட்டுவதில்லை. உன் அக்காவோடு உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கிறேன். உரிக்கும்போது அவள் மெதுவாகப் பாடுவாள், இதுவே எனக்கு இப்பத்தான் தெரியும். நேத்து ஏதோ பேசி ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் ஒரு யோசனை வந்துச்சு. இத்தனை வருசம் வாழ்ந்தது அந்தத் தூங்குமூஞ்சின்னா, இப்பச் சிரிக்கிற நான் யாரு? நீ கெளம்பி வா. பஸ்ல ஏறி அவனை எழுப்பிப் பாரு. அவன் முழிச்சுக்கிட்டா நான் இருப்பேனோ மாட்டேனோ. ஆனாலும் தெரிஞ்சாகணும்.

உன் வீட்டில் சின்னது பெரிசு எல்லாம் நோய் நொடியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நான்தான் என்று நம்பும்
வெள்ளைச்சாமி

பின்குறிப்பு: தம்பி, அக்கா இருளாயி எழுதுறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு, படிச்சுட்டேன். நீ வர வேண்டாம். கேரியர் கட்டிக் குடுக்கிறது நான்தான். பஸ்ல போறவரு சாயங்காலம் கொல்லைப் பக்கமா வந்து, எப்பவும் போலப் பேசாமச் சாப்பிட்டுட்டுப் பின்னாடி ரூம்ல படுத்துக்கிறாரு. ஒரு தொந்தரவும் இல்ல. இவருகிட்ட நான் சொல்லல. கல்யாணமாகி இத்தனை வருசத்துல இப்பத்தான் ஒருத்தர் என்கூட உக்காந்து அவரைக்காய் உரிக்கிறாரு. நீ பாட்டுக்கு வந்து, பஸ்ல தூங்குறவரை எழுப்பி விட்டுறாத.