ஒத்துக்காத உடம்பு

மனிதர்களில் 'எனக்கு ஒத்துக்காது' என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவர் நிச்சயம். குடும்பம் பெரிதென்றால் வீட்டுக்கே ஒருவர். இவர்கள் உடம்பு சாமானியப்பட்டதல்ல. வீட்டுக் கத்தரிக்காய் ஒத்துக்காது, கல்யாணப் பந்தியில் அதே கத்தரிக்காய் சத்தமில்லாமல் இறங்கும்; பூச்சிமருந்து வாடை ஒத்துக்காது, தோட்டத்து வெயில் ஒத்துக்காது, காலையில் யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் அந்தக் குரலே ஒத்துக்காது. பரோட்டா? அது ஒத்துக்கொள்ளும்.

எங்கள் ஓடைப்பட்டியில் இந்த இனத்துக்குத் தலைவர் ஆல்பர்ட். திராட்சைத் தோட்டம் அவருடையது. அதில் கொடிகளைக் கழித்துக் கவாத்து வெட்டுவது அவர் மனைவி ரீட்டா. வீட்டுக்கு வந்து அவருக்கென்று தனிக் குழம்பு வைப்பதும் ரீட்டாதான்.

வெறுங்காலோடு தோட்டத்தில் நடப்பவர்களின் பாதத்தைத் துளைத்து வயிற்றில் குடியேறுமே கொக்கிப்புழு, அதற்குப் புதிதாக ஒரு தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்க முகாம் போட்டார்கள். ஊசிக்கு முன், ஒவ்வாமை இருக்கிறதா என்று கையில் சொட்டு வைத்துப் பார்ப்பார்களாம். ஆல்பர்ட்டுக்கு முதல் மார்க் வாங்கப்போகிற பிள்ளையின் பூரிப்பு. தன் கை போண்டாவாக வீங்கும் என்று டீக்கடையில் அறிவித்தார். ரீட்டா ஒரே நிபந்தனை போட்டார்: வீங்காவிட்டால் தனிக் குழம்பு கிடையாது, கவாத்துக்கும் வந்தாக வேண்டும்.

நர்ஸ் ஜெபஷீலா மூன்று சொட்டு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசியால் லேசாகக் குத்தி, காத்திருக்கச் சொன்னார். முதல் சொட்டு புடைத்தது. ஆல்பர்ட் எழுந்து வரிசை முழுக்கக் காட்டினார். அது எல்லோருக்கும் வீங்குவது, வீங்காவிட்டால்தான் சோதனையில் கோளாறு என்றார் ஜெபஷீலா. மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

மிச்சம் இரண்டு. இரண்டும் சமர்த்தாகக் கிடந்தன. நடுவில் வைத்ததுதான் தடுப்பூசி மருந்தாக இருக்கும் என்று தானே முடிவுகட்டி, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் நகத்தால் பரபரவென்று சொறிந்தார். சொன்ன சொல் தப்பாமல் போண்டா எழும்பியது.

ஜெபஷீலா அதையும் பார்த்தார், அவர் நகத்தையும் பார்த்தார்.

"அண்ணே, மருந்து வச்ச எடத்துல ஒண்ணுமே இல்ல. வீங்கியிருக்கது, ஒப்பிட்டுப் பாக்க வச்ச வெறும் உப்புத்தண்ணி."

ரீட்டா கோபப்படவே இல்லை. பக்கத்தில் வந்து பரிவோடு அந்தக் கையைத் தடவிக்கொடுத்தார்.

"இத்தன வருசம் தெரியாமப் போச்சே சிஸ்டர். இவுகளுக்கு இனியும் தனிக் கொழம்புதான். உப்பே போடமாட்டேன்."

அந்த வாரம் முடிவதற்குள் ஆல்பர்ட் கவாத்துக் கத்தரியோடு தோட்டத்தில் நின்றார். வெயில் ஒத்துக்கொண்டது. வீட்டுக் கத்தரிக்காயும் ஒத்துக்கொண்டது.

சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால் படித்துக்கொண்டே வரும்போது முழங்கையை ஒருதரம் சொறிந்தீர்களே, அது எதற்கு?