வத்தல் மூட்டைகளுக்கு நடுவே ஓர் இன்டர்வியூ

கூச்சப்படுகிறவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நினைக்கிறீர்களா? என் மகள் கலாவிடம் கேட்டுப் பாருங்கள்.

வேற்று ஆள் குரல் கேட்டாலே என் கால் தானாக அடுக்களைக்குத் திரும்பிவிடும். (மீன்காரரிடம்கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன். எங்கள் வீட்டுக் கதவுதான் மீன் வாங்குகிறது என்று அவர் நினைத்திருக்கலாம்.)

ஆரியசாலையில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. ஒரு மழைக்காலத்தில் சரக்கு வைக்கும் கிட்டங்கி ஒழுகியதால், மிளகாய் வத்தல் மூட்டைகள் வீட்டுக் கூடத்துக்குக் குடிவந்திருந்தன. அதே கூடத்தில்தான் கலாவுக்கு லேப்டாப்பில் இன்டர்வியூ. உள்ளூரிலேயே வேலை. இது கிடைக்காவிட்டால் அவள் பெங்களூருக்குப் போய்விடுவாள். போகக்கூடாதே என்று நான் வேண்டாத சாமியில்லை.

"எம்மா, நான் பேசும்போ முன்னால வந்துராத, கேட்டியா?"

"நான் எதுக்குட்டி வாறேன்?"

மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கினால், இன்டர்வியூ தொடங்கியிருந்தது. அப்போதுதான் அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்தது. இந்த மூலையில் நான், எதிர் மூலையில் அடுக்களை. பேசுகிறவர்களுக்குக் குறுக்கே போகாமல் முதுகுப் பக்கமாகப் போவதுதானே மரியாதை? கேமராவுக்கும் முன்னால் இருப்பவர் முகம் மட்டும்தான் தெரியும் என்று நம்பி, துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் வத்தல் மூட்டைகளின் சந்துக்குள் குனிந்து நுழைந்தேன்.

முதல் சந்து அடைப்பு. அடுத்ததும் அடைப்பு. பதற்றத்தில் மறுபடியும் முதல் சந்துக்கே போனேன். வத்தல் நெடியில் தும்மல் வேறு முட்டியது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

கலாவுக்குக் கொடுத்த கணக்கும் அதேதானாம். கட்டம் கட்டமாக ஒரு பலகை, சில கட்டங்கள் அடைப்பு, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கம்ப்யூட்டர் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

"ஸார், ப்ரோக்ராம் நிக்காம ஓடிட்டே இருக்கு. என்ன தப்புன்னு தெரியல்ல" என்றாள், அழாத குறையாக.

"அது இருக்கட்டே கலா, பின்னால ஒரு துணி மூட்டை தனியா நடக்குதே. கள்ளனா?" என்றார் லேப்டாப்பில் இருந்தவர்.

கலா திரும்பினாள். "எம்மா!"

அடக்கிய தும்மல் எல்லாம் அப்போது சேர்ந்து வெடித்தது. துணிகள் மிளகாய் மேல் பறந்தன. எழுந்து நின்று கைகூப்பினேன்.

"வணக்கம் ஸார்... பாலு..."

தீய்ந்த வாசனை வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "பாவம் அம்மா, போன வழிக்கே திரும்பத் திரும்பப் போறாங்க."

கலா என்னைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள்.

"ஐயோ ஸார், என் ப்ரோக்ராமும் இதத்தான் செய்யுது! போன கட்டத்துக்கு நான் அடையாளமே வைக்கல்ல!"

படபடவென்று தட்டினாள். வேலை கிடைத்தது. பால்தான் போயிற்று.

இன்றும் மூக்குக்கண்ணாடியைத் தேடி ஒரே அலமாரியை இரண்டாம் தடவை திறந்தால் போதும், மூட்டையில் எடை எழுதும் சாக்பீஸை என் வீட்டுக்காரர் நீட்டுவார்.

"ஒரு கோடு போட்டுட்டுப் போ."

நானும் போடுகிறேன். (அலமாரிக் கதவில் இப்போது கோடு போட இடமில்லை.)