பட்டுச் சேலை கட்டிப் போன இடது கால்

என் இடது காலை நான் யாருக்கும் காட்டியதில்லை. பெற்ற தாய் பார்த்திருக்கிறாள். கட்டிய புருஷன் பார்த்திருக்கிறார். அதற்கு அப்புறம் பார்த்தது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கு வந்திருந்த அத்தனை ஜனமும்தான். எல்லாரும் ஒரே சமயத்தில், டிக்கெட் வாங்காமல் பார்த்தார்கள்.

நான் ரொம்பக் கூச்சப்படுகிறவள். கடைக்காரர் பருப்புக்குப் பதில் பயறு நிறுத்துக் கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். (அன்றைக்கு வீட்டில் சாம்பார் கிடையாது, சுண்டல்தான்.) இதை எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் மகள் ரெஜினாதான், "நாங்க சொன்னா கூட்டிச் சொல்றோம்னு கோவிச்சுக்கிறல்ல, நீயே எழுது" என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டாள். நான் படித்தது அஞ்சாவது வரைதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்து என் இடது கால் இளைத்துக் குட்டையாகிவிட்டது. அதற்காக அம்மா எனக்கு ஒரு நடை கற்றுக்கொடுத்தாள். பாவாடை தரையைத் தொடுகிற மாதிரி கட்ட வேண்டும். உள்ளே இடது குதிகாலைத் தூக்கி, விரலை மட்டும் ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மாதா கோயில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் அப்படிப் போய்விடலாம். அதற்கு மேல் போனால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குப் போனது அந்த நடையில்தான். என்னைப் பெண் பார்க்க வந்தபோது காபித் தட்டோடு போனதும் அந்த நடையில்தான். காரியம் முடிந்து கதவுக்குப் பின்னால் போனதும், அப்பாடா என்று என் சொந்த நடைக்கு வந்துவிடுவேன்.

கல்யாணம் ஆகிக் கோவில்பத்துப் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை. விடியுமுன்பே போய்விடுவார். தெருக்குழாயோ தெருக்கோடியில். அதில் தண்ணீர் வருவது சரியாகப் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்கு. எனக்குக் குடத்தை இடுப்பில் வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாயும். வீட்டுக்கு வந்து சேரும்போது குடத்தில் பாதி, சேலையில் பாதி.

அதனால் ரெஜினா தண்ணீர் எடுத்தாள். எண்பதுகளின் ஆரம்பம், அவளுக்குப் பத்து வயது. முதலில் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாள். அப்புறம் சில நாள் போகவில்லை. அஞ்சாவது நடுவிலேயே ஒரு நாள் பையை ஆணியில் மாட்டிவிட்டாள்.

"நீயும் அஞ்சாவதுதானேம்மா. எனக்கும் அது போதும்" என்றாள். அவள் சமாதானத்துக்காகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இவர் ஒரு சேதி கொண்டு வந்தார். ஊனமுற்றவங்களுக்கு கவர்மெண்டு மாசாமாசம் பென்ஷன் கொடுக்குதாம். அது வந்தால் தண்ணீர் எடுக்க ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம். பையை ஆணியில் இருந்து இறக்கிவிடலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆபீசுக்குப் போனோம். பிறந்த சான்று கேட்டார்கள். நான் எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் பிறந்தவள். மேரியில் (நகராட்சியை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) எழுதிக் கொடுத்த காகிதம் முழுக்கப் பிரெஞ்சு. கிளார்க் அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார்.

"இதுல நீங்க பொறந்தீங்கன்னு போட்டிருக்கா, செத்தீங்கன்னு போட்டிருக்கான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? தமிழ்ல எழுதி வாங்கியாங்க."

எழுதி வாங்கிக்கொண்டு போனோம். அடுத்து, கால் தெரிகிற மாதிரி முழுப் போட்டோ கேட்டார். ஸ்டூடியோவுக்குப் போனால் அந்தப் போட்டோக்காரருக்குத் தங்கமான மனசு. நான் சேலையைத் தூக்கத் தயங்கியதைப் பார்த்தார், ஒரு பெரிய பூச்சட்டியைத் தூக்கிவந்து காலுக்கு முன்னால் வைத்துவிட்டார். கூச்சக்காரி நான் வேண்டாம் என்று சொல்வேனா? நன்றியோடு சிரித்துவேறு வைத்தேன்.

கிளார்க் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூச்சட்டிக்கெல்லாம் பென்ஷன் குடுக்க முடியாதும்மா."

மறுபடி போட்டோ எடுத்தோம், பாதம் மட்டும் தெரிகிற மாதிரி. அப்புறம் அந்தக் கிளார்க் லீவு. அவர் வந்தால் ஆபீசர் லீவு. ரெண்டு பேரும் வந்த நாளில் பீரோச் சாவி லீவு. ஒருவழியாக, "ஆஸ்பத்திரியில டாக்டர் பார்த்து ஊனம்னு எழுதணும், அவ்வளவுதான்" என்று அனுப்பி வைத்தார்கள்.

இந்த இடத்தில் எதிர்வீட்டுச் சொல்தா மாமாவைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மாமா சைகோன் வரைக்கும் போய்ச் சண்டை போட்டவர். என் பிறந்த சான்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அவருக்குப் பிரான்சில் இருந்து பென்ஷன் வரும். ஆனால் வருஷாவருஷம் நேரில் போய், தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். அன்றைக்கு மாமா கோட்டு மாட்டி, மெடல் குத்தி, பூட்சுக்கு மெருகு போட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்புவார். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். எங்கள் தெருவுக்குத் தெரிந்த பென்ஷன் அந்த ஒன்றுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றதும் மாமா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏம்மா செலின், பென்ஷன்னா சும்மாவா? கவர்மெண்டு நம்மள மேலயும் கீழயும் பாக்கும். பஞ்சப் பரதேசியாட்டம் கூனிக்கிட்டுப் போனேன்னு வையி, இது எங்க நெலைக்கப் போவுதுன்னு நிறுத்திப்புடுவான். போன வருஷம் நான் நெருப்பாட்டம் காய்ச்சலோட போனேன். காட்டிக்கிட்டேனா? நிமிர்ந்து நின்னு ஒரு சல்யூட்டு! ஒடனே கையெழுத்து."

"அதுவும் சரிதான்" என்றார் என் வீட்டுக்காரர். (அவர் ஒத்துக்கொண்டதை நான் பிற்பாடு எத்தனையோ சண்டையில் ஞாபகப்படுத்தியிருக்கிறேன்.)

ஆகவே ஆஸ்பத்திரிக்கு நான் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். அரிசிமாவு நிறத்தில் பவுடர். தலை கொள்ளாத மல்லிகைப்பூ. வராந்தாவில் கட்டைக்காலும் கைத்தடியுமாக ஒரு பெஞ்சு நிறைய ஜனம் உட்கார்ந்திருந்தது. நடுவில் நான், தேர் மாதிரி.

"பிள்ளை பெத்தவள பாக்க வந்தீங்களா? சாயங்காலம் வாங்க, இப்ப விடமாட்டாங்க" என்றாள் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா.

பக்கத்தில் கக்கத்துக் கட்டையோடு இருந்த ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். "யாருக்கும்மா பென்ஷன், அவருக்கா?" என்று என் வீட்டுக்காரரைக் காட்டினார். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைந்த மனுஷன் அவர். பார்த்தால் அவருக்குத்தான் கொடுக்கத் தோன்றும்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். இவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே டாக்டர் சின்ன வயசு, நர்சம்மா எங்கேயோ போயிருந்தார்.

"எந்தக் கால்?"

"இடதுங்க." அது அவர் காதில் விழுந்ததே பெரிய விஷயம்.

"சேலையை முட்டி வரைக்கும் கொஞ்சம் தூக்குங்கம்மா, பாக்கணும்."

நான் சேலையை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, நான் டாக்டர்."

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதுவும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்ததால் பிடியை இன்னும் இறுக்கினேன்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "சரி விடுங்க. அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டிட்டு வாங்க."

நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் பட்டு கட்டியிருக்கிறேன், பூ வைத்திருக்கிறேன். எதிரே ஒரு வாலிபர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நடந்து காட்டச் சொல்கிறார். என் வாழ்க்கையில் இதற்கு முன்னால் இப்படி நடந்தது ஒரே ஒரு தடவைதான், அன்றைக்குக் கையில் காபித் தட்டு இருந்தது. என் புத்தி சொல்வதற்கு முன்னால் கால் அதுபாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. குதிகால் தூக்கியது. கொசுவம் தரையைத் தடவியது. பூப்போலப் போனேன், சுவர் அருகே திரும்பினேன், தலையைக் குனிந்து, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்து நின்றேன். அப்படி ஒரு நடையை நான் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

"நல்லாத்தானே நடக்குறீங்க?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க" என்றேன் சந்தோஷமாக.

சொன்ன பிறகுதான் ரெஜினா இடுப்பில் குடத்தோடு கண்முன் வந்து நின்றாள்.

"இல்லைங்க! நொண்டுவேங்க!" என்று கத்திவிட்டேன்.

"அப்ப நொண்டிக் காட்டுங்க."

வேண்டுமென்று நான் நொண்டியதே கிடையாதே! எனக்குத் தெரிந்ததெல்லாம் மறைப்பதுதான். இடது கால் பாட்டுக்கு விரலில் நிமிர்ந்து நிற்கிறது, எதையாவது தாழ்த்தினால்தானே நொண்டின மாதிரி இருக்கும்? தாழ்த்தினேன். அறை முழுக்க நன்றாக விந்தி விந்திச் சுற்றி வந்தேன்.

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார். "எந்தக் கால்னு சொன்னீங்க?"

"இடதுங்க."

"நீங்க நொண்டுறது வலது கால்ல."

அவர் கோபப்படவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் காகிதத்தில் எழுதினார். கொடுக்கும்போது மட்டும், "நெசமாவே முடியாதவங்க வெளியில காத்திருக்காங்கம்மா" என்றார். இன்னும் ரெண்டு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெளியே வந்தேன். "என்ன சொன்னாரு?" என்றார் இவர்.

"நல்லா நடக்குறேன்னாரு."

இவர் தரையைத் தொடுகிற என் கொசுவத்தைப் பார்த்தார். "நீ எந்த நடை நடந்தே?"

நான் விறுவிறு என்று முன்னால் போனேன். ஆணியில் தொங்குகிற பை கண்ணிலேயே நின்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் பாருங்கள், பெஞ்சு முழுக்க ஆள் பார்க்கிறதே என்று அதே நடைதான்! வராந்தா கோயிலைவிட நீளம். படிக்கட்டுக்கு வந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

படிக்குக் கீழே வரிசையாக சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள். நான் முதல் சைக்கிள் மேல் விழுந்தேன். அது அடுத்ததன் மேல் விழுந்தது. அது அதற்கடுத்ததன் மேல். வரிசை முழுக்கச் சாய்ந்து முடிந்து, கடைசி சைக்கிளின் மணி மட்டும் 'டிங்' என்றது. அப்புறம் ஆஸ்பத்திரி ஜனம் முழுக்க எட்டிப் பார்த்தது. என் பட்டுச் சேலை ஒரு பெடலில் மாட்டி, முட்டிக்கு மேல் போயிருந்தது. நான் அவசரமாக முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன், முகத்தை. காலை மூட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கக்கத்துக் கட்டைப் பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார். "அடி ஆத்தா! இந்தக் காலை வச்சுக்கிட்டா அந்த நடை நடந்துச்சு!"

சத்தம் கேட்டு டாக்டரும் ஓடிவந்தார். முந்தானைக்குள் இருந்த எனக்கு அவர் குரல்தான் கேட்டது.

"இதையாம்மா உள்ள இத்தன நேரம் ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

என் வீட்டுக்காரர் பெடலில் இருந்து சேலையை விடுவித்துக்கொண்டே சொன்னார்: "அவ அப்படித்தாங்க. நீங்க அந்தக் காகிதத்தக் கொஞ்சம் திருத்திக் குடுங்க. எம் பொண்ணு பள்ளிக்கூடம் போவணும்."

டாக்டர் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, டேப் கொண்டுவரச் சொல்லி, ரெண்டு காலையும் அளந்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். மறுபடி நடக்க மட்டும் சொல்லவே இல்லை.

ரிக்‌ஷாவில் திரும்பி வரும்போது நான் அழுதுகொண்டே வந்தேன், இவர் சிரித்துக்கொண்டே வந்தார். கல்யாணம் ஆன நாளாய் மனசில் இருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்களுக்குத் தெரியாதுதானே?"

"காபி குடுக்குறப்ப தெரியலை. பெரிய டாக்டரே ஏமாந்துட்டாரு, நான் எம்மாத்திரம்? அப்புறம் நீ கதவுக்குப் பின்னால போனியா, சத்தம் கேட்டுச்சு. ஒரு காலு டொக்குங்குது, இன்னொரு காலு சர்ருங்குது. எங்க அக்கா காதுல விழக்கூடாதேன்னு நான் இருமிக்கிட்டே இருந்தேன்."

அவர் இருமியது எனக்கும் ஞாபகம் இருந்தது. மாப்பிள்ளைக்குக் காசநோய் இருக்குமோ என்று எங்கள் அம்மா அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கவலைப்பட்டாள்.

பென்ஷன் உடனே வந்துவிடவில்லை. கவர்மெண்டும் விரலை ஊன்றித்தான் நடந்து வந்தது. நடந்ததைக் கேள்விப்பட்ட சொல்தா மாமா என் முகத்தைப் பார்க்காமலே ரெண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் அவர் வீட்டுத் தண்ணிக்காரி எங்கள் வாசலில் குடத்தை இறக்கினாள். பணம் வருகிற வரைக்கும் இறக்கினாள். ரெஜினா பையை ஆணியில் இருந்து எடுத்தாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு அஞ்சாவதில் மறுபடி உட்கார்ந்தாள். பத்தாவது முடித்து, இத்தனை வருஷமாக அங்கன்வாடியில் பிள்ளைகளை மேய்க்கிறாள்.

இவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. இருந்தவரைக்கும், ஒரு கல்யாணத்துக்கோ பூசைக்கோ போய்த் திரும்பினால், வீட்டு வாசப்படி தாண்டியதும் மெதுவாகச் சொல்வார்: "கதவு வந்துடுச்சு செலினு. இனிமே நொண்டு."

இப்போது அந்தப் பேச்சு வீட்டில் எல்லாருக்கும் வந்துவிட்டது. போன வாரம் பேரன் வேலைக்கு இன்டர்வியூ போய்விட்டு வந்தான். கழுத்தை நெரிக்கிற டை, காலைக் கடிக்கிற புது ஷூ, முகத்தில் காலையில் மாட்டிக்கொண்டு போன அதே சிரிப்பு. எப்படி நடந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ரெஜினா தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"கதவு வந்துடுச்சுடா. இனிமே நொண்டு."