மொட்டைமாடிக்கு மூன்று பூட்டு

"வடாமை எடுத்தாச்சா?" என்று போனில் கேட்டாள் பார்கவி.

"எடுத்துண்டே இருக்கேன்" என்றான் ஸ்ரீவத்சன்.

அவன் நின்றது மொட்டைமாடியில் அல்ல. மாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், ஏழாம் தளத்துக்கு மேலே படிக்கட்டு முடிகிற இடத்தில். கதவில் மூன்று பூட்டு. அவன் கையில் ஒரு சாவி.

"இங்க ஆபீஸ்கிட்ட, மகர்பட்டாவுல, இப்பவே கும்மிருட்டு. மழை நம்ம பாணேருக்கு வர எத்தனை நேரம் ஆகும்? நாலு கிலோ அரிசி. நேத்து விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கிளறிப் பிழிஞ்சிருக்கேன், தோள்பட்டை கழண்டு போச்சு. போன வருஷம் மாதிரி இதுவும் போச்சுன்னா, அடுத்த வருஷம் கிளறப்போறது நீங்கதான்."

வைத்துவிட்டாள். மிரட்டல் கூடப் பரவாயில்லை, அந்தப் 'போன வருஷம்' தான் அவனைச் சுட்டது. போன மே மாதம் மழை விட்டதும் போய்ப் பார்த்தால் மாடியில் ஒரு வடாம் இல்லை. விரித்த வேட்டியும் இல்லை. பார்கவி கத்தவில்லை. சமையலறையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படி அழுது அவன் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே இரண்டாம் தளத்து வைஷாலி ஒரு தட்டு நிறையப் பொரித்து அனுப்பினாள். 'குரடை'யாம். மராட்டிக்காரர்களும் கோடையில் பிழிந்து காயவைப்பார்கள். பார்வைக்கு நம் வடாமேதான். ஸ்ரீவத்சன் ஒன்றைக் கடித்தான். சந்தேகமே இல்லை, பார்கவியின் கைமணம். திருடினது போதாதென்று தட்டில் வைத்து வேறு அனுப்புகிறாளே என்று வயிறெரிந்தது. ஆனால் வாயைத் திறக்க முடியுமா? அவள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவி.

சொல்ல முடியாததைச் சட்டமாக்கினான். பொதுக்குழுவில் எழுந்து அரை மணி நேரம் பேசினான். எல்லா அதிகாரமும் ஒரே கையில் இருந்தால் கெட்டுப்போகும், நாட்டையே சட்டசபை, சர்க்கார், கோர்ட் என்று மூன்றாகப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்று கண் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், நாம் மட்டும் என்ன இளப்பமா என்றான். விதி எழுதுகிற குழுவுக்கு அவன், நிர்வாகத்துக்கு வைஷாலி, தீர்ப்புக்கு நாலாம் தளத்து முகமது இஸ்மாயில். மாடிக்கு மூன்று பூட்டு, ஆளுக்கொரு சாவி. காலை ஏழிலிருந்து எட்டு, மாலை ஐந்திலிருந்து ஆறு, மூவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். காலையில் திறக்கும்போது மாடி பெருக்கிப் பளிச்சென்று இருக்கும். ஒழுங்கான ஆட்சி என்று மூவருக்குமே பெருமை.

இப்போது மணி மூன்று இருபது. எங்கோ இடி உருண்டது.

"சார், வடாம் விசயமா ஒண்ணு" என்று பின்னால் ஒரு குரல். மங்கையர்க்கரசி. மூன்று தலைமுறையாகப் பிம்பிரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். படிக்கட்டு பெருக்குகிறவள். சங்கத்துப் பதிவேட்டில் மங்காபாய்.

"மங்கா, விதி நாலு" என்றான்.

விதி நான்கு: ஊழியர்கள் எதுவானாலும் எழுதித்தான் கொடுக்க வேண்டும். வம்புதும்பைத் தடுக்க அவனே போட்டது. அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு, பக்கத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட லிஃப்ட் மோட்டார் அறைக் கதவில் சாய்ந்துகொண்டாள். அவன் கீழே ஓடினான்.

வைஷாலி காதில் ஹெட்போனோடு கதவைத் திறந்தாள். ஆபீஸ் மீட்டிங் நடுவில் வந்திருக்கிறாள். இந்தியில்தான் பேச்சு.

"அஞ்சுக்கு முன்னால திறக்கணும்னா விதியை மாத்தணும், ஸ்ரீவத்சன்ஜி. நான் நிறைவேத்துறவ மட்டும்தான். நீங்களே சொன்னதுதான்."

"விதிக்குழுத் தலைவர் நான்தானே. இந்த நிமிஷமே மாத்தறேன்."

"வடாம் யாரோடது?"

"எங்களோடது."

"அப்போ விதி பதினொண்ணு. சொந்த விஷயத்துல ஓட்டுப் போடக் கூடாது."

அதையும் எழுதியவன் அவன்தான், அவளை மனதில் வைத்து. மின்சாரம் போயிற்று. லிஃப்டும் நின்றது. இரண்டிரண்டு படியாகத் தாவி நாலாம் தளத்துக்கு ஏறினான்.

இஸ்மாயில் பாய் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு திருகாணி வெளியே போகவேண்டுமென்றாலும் இரண்டு கையெழுத்துப் பார்த்தே பழகியவர்.

"தகராறு இருந்தாத்தானே தம்பி தீர்ப்பு? அந்தம்மா முடியாதுன்னு எழுத்துல குடுத்துச்சா?"

மறுபடி இரண்டாம் தளம். வைஷாலி சந்தோஷமாக எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தாள். மறுபடி நாலாம் தளம். மூச்சு இரைத்தது.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "பராபர், சரியா இருக்கு. இப்ப கேஸ் ஆச்சு. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புவோம். விதி ஒன்பது, ஏழு நாள் டைம்."

"பாய், ஏழு நிமிஷத்துல மழை வந்துடும். அவசரம்னு ஒரு விதி கிடையாதா?"

"இருந்துச்சு. நீதான் அடிச்சே. அவசரம்னு சொல்லிட்டுத்தான் எல்லா சர்வாதிகாரியும் வர்றான்னு மேசையத் தட்டிப் பேசினே. நான்கூடக் கைதட்டினேன்."

போன் அடித்தது. "இங்க கொட்டறது. முடிஞ்சுதா?" என்றாள் பார்கவி.

"முடிஞ்ச மாதிரிதான்" என்றான். தன் வீட்டுக்குள் போய் இஞ்சி இடிக்கிற இரும்பு உலக்கையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினான். வைஷாலியின் பூட்டைக் குறிவைத்து ஓங்கினான். படிக்கட்டில் கும்மிருட்டு. அடி விழுந்தது அவனுடைய பூட்டின் மேல். சாவித்துவாரம் நசுங்கிப்போயிற்று. கையில் இருந்த ஒரே சாவியும் இனி எதற்கும் உதவாது.

சத்தம் கேட்டு இருவரும் வந்துவிட்டார்கள், செல்போன் வெளிச்சத்தோடு.

"சங்கத்துச் சொத்தை உடைச்சிருக்கீங்க. நிர்வாகம் நடவடிக்கை எடுக்கும்" என்றாள் வைஷாலி.

"குத்தம் நடந்த எடத்தப் பார்வையிட நோட்டீஸ் வேணாம், விதி பதினேழு" என்றார் பாய், சாவியை எடுத்தபடி.

ஒரே நிமிஷத்தில் இரண்டு பூட்டும் திறந்தன. மிச்சம் இருந்தது சட்டம் எழுதியவனுடைய பூட்டு. பாய் உலக்கையை வாங்கி, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்து ஒரே தட்டுத் தட்டினார். கொண்டி ஆணியோடு கழன்று விழுந்தது.

கதவைத் திறந்தால் சோவென்று மழை. மாடியில் வேட்டிக்கு வைத்திருந்த நாலு செங்கல்தான் நனைந்துகொண்டிருந்தது. வடாமும் இல்லை, வேட்டியும் இல்லை. சமையலறைத் தரையில் பார்கவி உட்கார்ந்திருந்தது அவன் கண்முன் வந்தது. ஒரு வருஷம் அடக்கி வைத்தது வெளியே கொட்டியது.

"மறுபடியும் நீங்கதானே?" என்றான் வைஷாலியிடம். "போன வருஷமும் எங்க வடாமையே பொரிச்சு, குரடைன்னு எங்களுக்கே அனுப்பினீங்க. இந்த மூணு பூட்டும் உங்களுக்காகத்தான் போட்டேன்."

வைஷாலி ஹெட்போனைக் கழற்றினாள்.

"குரடை கோதுமையில பண்றது. உங்க வடாம் அரிசி" என்றாள் மெதுவாக. "எங்கம்மா பிழிஞ்சு அனுப்பினது. முதல் தட்டை உங்க வீட்டுக்குத்தான் குடுத்தேன்." பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது மண்டையோட்டுக் கதவு உள்ளேயிருந்து திறந்தது. மங்கா தலையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால், மோட்டாருக்கு அந்தப் பக்கச் சுவரில், மாடிக்குப் போகும் இன்னொரு கதவு மழைச்சாரலில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. அவள் கையில் வேட்டியில் கட்டிய மூட்டை, ஒரு சொட்டு ஈரமில்லாமல்.

"மானம் கறுத்ததும் மூணு மணிக்கே அள்ளி வெச்சுட்டேன், சார்" என்றாள். "போன வருசம் லீவு முடிஞ்சு இதச் சொல்ல வந்தப்பவும் எழுதிக் குடுன்னுட்டீங்க, அந்த மூட்டையும் உள்ளதான் கெடக்கு, அதையும் சேத்து எடுத்துட்டுப் போங்க, எனக்குத் தொடப்பம் வெக்க எடமில்ல."