முதலாளிக்கு வயிறு சரியில்லை

பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளர் அவர். பிறர் செய்யும் தப்பு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தன் தப்பு மட்டும் எப்படியோ தப்பித்துவிடும்.

அன்று காலை கூடத்துத் தரைவிரிப்பில் கால் வைக்க இடமில்லை. நாய் சளியும் ரத்தமுமாகக் கழிந்துவிட்டு நாற்காலிக்கடியில் துவண்டு கிடந்தது. அதன் பெயர் முதலாளி. முதலில் சாப்பிடும், வேலை செய்யாது, எல்லாரையும் பார்த்து உறுமும் என்பதால் வைத்த பெயர்.

கம்பெனிக்குப் போன் போட்டார். "முதலாளிக்கு வயித்தால போகுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், இன்னைக்கு லீவு." அந்தப் பக்கம் எழுந்த பதற்றத்தை அடக்குவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. அந்தக் கோபமும் சேர்ந்து மனைவி மேல் பாய்ந்தது.

"எல்லாம் உன்னாலதான்."

மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். "நான் என்னங்க பண்ணேன்?"

"எதையும் வேக வச்சே போடுற. நாய்ங்கிறது ஓநாய் வம்சம். ஓநாய் என்ன குக்கரா வச்சிருக்கு? சத்தெல்லாம் ஆவியாப் போய் நாயோட குடலே நலிஞ்சுபோச்சு."

"உங்க சட்டையில தினமும் கோழிக்கடை வாடை வருதே?"

"கடைப் பக்கமா வர்றேன். காத்து அடிக்குது."

"நாய்க்கு யாராவது பச்சைக் கோழி போட்டிருப்பாங்களோ?"

"யாரு போடுவா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அவருக்கு ரோஷம் வந்தது. கட்டிய புருஷன் மேல் ஆதாரமில்லாமல் சந்தேகப்படுவதா? ஓநாய்களைப் பற்றி ஒரு வீடியோ பார்த்த நாளிலிருந்து, மாலையில் கோழி ஈரல் வாங்கிவந்து கொல்லைப்புறத்தில் நாய்க்குப் பச்சையாக ஊட்டிக்கொண்டிருந்தார்தான். அதனால் என்ன? சந்தேகம் சரி என்பது வேறு, சந்தேகப்பட்டது வேறு.

கால்நடை மருத்துவமனைக்கு மனைவியும் கூட வந்தாள். டாக்டரம்மா நாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார். "உடம்புல தண்ணியே இல்ல. பச்சை மாமிசம் ஏதாவது குடுத்தீங்களா?"

"சேச்சே."

"பச்சைக் கோழியில இருக்கற பாக்டீரியா இப்படிப் பண்ணும். நல்லா இருக்கற நாயோட குடல்லயும் அது இருக்கலாம், அதனால டெஸ்ட் மட்டும் போதாது. என்ன சாப்பிட்டுதுன்னு தெரிஞ்சா எனக்குச் சுலபம்." மேற்பார்வையாளர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

நாய்க்குக் குளுக்கோஸ் ஏறியது. அவரை வெளியே உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மனைவி ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள்.

"இந்தாங்க. மூடியிலயே ஸ்பூன் இருக்கு."

"எதுக்கு?"

"மலப் பரிசோதனைக்கு."

"அதைத்தான் தரைவிரிப்பு பூரா குடுத்திருக்கே."

"அது நாயோடது. நாய்க்கு யாரும் பச்சைக் கறி போடலைன்னா கிருமி மனுஷங்ககிட்டேருந்துதானே வந்திருக்கணும்? வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு. நான் வேக வச்சதைத்தான் தின்னறேன்."

"நானும்தான்."

"நீங்க கேன்டீன்ல சாப்பிடறீங்க. கழிப்பறை பின்னாடி இருக்கு, போயிட்டு வாங்க."

பூனைக்கூடையோடு இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். கிளிக்கூண்டுக்காரர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

"நாய் ஆஸ்பத்திரியில என்னைப் போய்..."

"கிருமிக்கு அந்தப் பேதமெல்லாம் தெரியாதுங்க."

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு நேரே உள்ளே போனார். டாக்டரம்மாவின் மேஜை மேல் டொக்கென்று வைத்தார்.

"இது அநியாயம், டாக்டர். நான் குடுக்க மாட்டேன். கோழி ஈரலைப் பச்சையாப் போட்டது நான்தான். ஓநாய் திங்கலையா? அதுக்காக ஒரு குடும்பஸ்தனை இப்படியா அவமானப்படுத்தறது?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்களே. எதைத் தேடணும்னு தெரிஞ்சுபோச்சு. நாய் பிழைச்சுக்கும். இனிமே வேக வச்சே போடுங்க, தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க." டப்பாவைத் திருப்பி நீட்டினார். "இது நாளைக்குக் காலையில நாயோடதைப் பிடிச்சுட்டு வர்றதுக்கு. உங்களோடதை யாரு சார் கேட்டா?"

அவர் திரும்பினார். பின்னாலேயே வந்திருந்த மனைவி நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, டப்பாவைத் திறந்து கையில் ஏந்தியபடி தோட்டத்தில் நாயின் பின்னாலேயே போனார். நாய் நின்றால் அவரும் நின்றார். நாய் குந்தினால் அவரும் குந்தினார். அது அவரை ஒருமுறை முறைத்துவிட்டு எழுந்து வேறிடம் போனது.

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அப்படி உத்துப் பார்க்காதீங்க. அதுக்குக் கூச்சமா இருக்கும்ல? கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

அவர் திரும்பிக்கொண்டார்.