வீட்டுக் கடனை மளிகையில் வென்ற படலம்

என் அக்காள் பெற்றெடுத்த ஒரே மகனும், அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் இரண்டரை அறைகளுக்குப் புதிதாய் முடிசூடிய சக்கரவர்த்தியும், அந்த முடிக்காக இருபதாண்டுக் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டவனுமாகிய என் அருமை மருமகனுக்கு, உன் தாய்மாமன் அன்புடன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, மகள் மூவரும் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், மாதத்தின் முதல் தேதி நீங்கலாக.

உன் கடிதம் கிடைத்தது. "மாமா, சம்பளத்துல பாதி பேங்குக்குப் போகுது, மீதிப் பாதி மளிகைக் கடைக்குப் போகுது, எங்கேயும் போகாம வீட்டுலயே இருக்கிறது நான் மட்டும்தான். நீங்க எப்படி மளிகைச் செலவைக் குறைச்சு வீட்டுக் கடனை முன்னாடியே அடைக்கிறீங்க, அந்த ரகசியத்தைச் சொல்லுங்க" என்று உருகியிருந்தாய். படித்ததும் என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்து, சட்டையின் மேல் பொத்தான் தெறித்து, அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. இந்த ரகசியம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் நான். மற்றவர் உன் அத்தை, அவளும் என்னிடம் கற்றுக்கொண்டவள்தான். இந்தக் கடிதம் முடிந்ததும், கடைசித் தவணையைக் கட்ட நானே வங்கிக்குக் கிளம்புகிறேன். ஆகவே அவசரமாக எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

நாலு வருடத்துக்கு முன்பு வங்கி மேனேஜர் என்னை எதிரில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அதற்குப் பிறகு கேட்டார். "சார், உங்களுக்கு ரிடையர்மென்ட் எப்போ?" "இன்னும் அஞ்சு வருஷம்." "கடன் முடிய ஏழு வருஷம் இருக்கே." அந்த நடுவிலே தொங்கிய இரண்டு வருடம் இருக்கிறதே மாப்பிள்ளை, அதுபோல நீளமான இரண்டு வருடத்தை நான் கண்டதே இல்லை. சம்பளம் இல்லாத ஒரு கிழவன் இருபத்துநாலு முறை வரிசையில் நிற்பதும், வங்கிக்காரர்கள் வந்து எங்கள் வீட்டை அடியோடு பெயர்த்து லாரியில் ஏற்றுவதும், ஜன்னல் வழியாக உன் அத்தை என்னைப் பார்த்துக் கையசைப்பதும் கண் முன்னால் ஓடின. "மாசம் ஒன்றரைத் தவணையா கட்டினீங்கன்னா ரிடையர் ஆகுறதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார் மேனேஜர். அந்த அரைத் தவணைக்கு எங்கே போவது? பஸ் கட்டணத்தைக் குறைக்க முடியாது, மின்சாரக்காரரிடம் பேரம் பேச முடியாது. குறைக்க இடம் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான், சமையலறை. அன்று மாலையே சமையலறையை என் நேரடி ஆட்சியின் கீழ் கொண்டுவந்தேன்.

நான் யார் என்பது உனக்குத் தெரியும். பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடமாக ஸ்டோர் கீப்பர். ஒரு வாஷர் வேண்டுமென்றாலும் எழுதிக் கேட்டு, நான் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். முதலாளியே ஒருமுறை ஆணி கேட்டு வந்து, படிவத்தில் தேதி போடாததால் வெறுங்கையோடு திரும்பினார். பத்தாயிரம் உருப்படியைக் கட்டி ஆள்பவனுக்குப் பருப்பு டப்பா எம்மாத்திரம்? மளிகை அலமாரிக்கு ஒரு பூட்டு, ஒரு பேரேடு, ஒரு கட்டுப் படிவம். என்ன வேண்டும், எவ்வளவு, எந்த வேளைச் சமையலுக்கு என்று உன் அத்தை எழுதித் தர வேண்டும், நான் அனுமதித்துத் திறந்து அளந்து கொடுப்பேன். முதல் நாள் அவள் ஒன்றும் சொல்லாமல் படிவத்தை வாங்கிக்கொண்டாள். ஒன்றும் சொல்லாத மனைவியைப் பார்த்து நிம்மதி அடைந்த கணவர்களின் பட்டியலில் என் பெயர் முதலில் இருக்கும்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து பசியோடு வந்து உட்கார்ந்தேன். தட்டு வந்தது. தட்டில் ஒரு காகிதம் மட்டும் இருந்தது. "என்ன இது?" என்றேன். "படிவம் நாப்பத்தி மூணு. எண்ணெய் கேட்டு காலையிலயே எழுதி வெச்சேன். ஸ்டோர் கீப்பர் சாவியை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு." "அதுக்கு எண்ணெய் இல்லாம ஏதாவது செஞ்சிருக்கலாமே." "அது நாப்பத்தி நாலு. உப்பு ஒரு சிட்டிகை. அதுவும் நிலுவையில இருக்கு." மூன்று நாளில் எப்படி நாற்பத்திநாலு படிவம் என்று கேட்காதே. கடுகைத் தனியாக, சீரகத்தைத் தனியாக, தேநீருக்குச் சர்க்கரையை ஒரு கோப்பைக்கு ஒன்று வீதம் மூன்று பிரதிகளில் எழுதியிருந்தாள். படிவம் அச்சடித்த செலவு அந்த மாத எண்ணெய்ச் செலவைத் தாண்டிவிட்டது.

ஆனாலும் நான் தளரவில்லை. எங்கள் ஸ்டோரின் தலையாய விதி, முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது. பழைய சரக்கு இருக்கும்போது புதியதைத் தொடவே கூடாது. ஒருநாள் சலுகை விலையில் ஆறு பாக்கெட் ரொட்டி வாங்கி வந்தேன். விதிப்படி பழைய பாக்கெட்டை முதலில் முடித்தோம். அது முடிவதற்குள் அடுத்தது பழசாகிவிட்டது. அதை முடிப்பதற்குள் அதற்கடுத்தது. இடையில் மறுபடி சலுகை வந்ததால் இன்னும் ஆறு சேர்ந்தன. இப்படியாக என் நிர்வாகத்தில் ஐந்து மாதம், புது ரொட்டி வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்க, நாங்கள் தினமும் காய்ந்த ரொட்டியே தின்றோம். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு துண்டை மேஜையில் தட்டிக் காட்டினாள். கதவைத் தட்டுகிறார்கள் என்று நான் எழுந்து போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். "அப்பா, இன்னிக்கு வந்த பாக்கெட்டை இன்னிக்கே பிரிச்சா என்ன?" "பழசு இருக்கேம்மா." "பழசு எப்பவும் இருக்கும்ப்பா. நீங்கதான் தினம் செய்யறீங்க." சின்னப் பெண், கிடங்கு நிர்வாகம் புரியவில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் எங்கள் தொழிற்சாலையில் எவருக்கும் ஏன் புது வாஷர் கிடைத்ததே இல்லை என்பது கொஞ்சம் விளங்குகிறது.

அடுத்தது வெங்காயம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று மாடி வீட்டுப் பல் டாக்டரும் நானும் கூட்டுச் சேர்ந்து மொத்த மண்டியில் இரண்டு மூட்டை எடுத்தோம், ஆளுக்கு ஒன்று. விலை பாதிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூட்டையை வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் பரப்பி வைத்தேன். பத்தாம் நாள் அவை முளைவிட்டன. பதினைந்தாம் நாள் தோட்டத்தின் மேல் நாங்கள் படுத்திருந்தோம். சும்மா இருந்தவர்களும் காரணமில்லாமல் கண்ணீர் விட்டதில், வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் துக்கம் நடந்த வீடு என்று எண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். பல் டாக்டர் பாடு இன்னும் மோசம். மூன்று வேளையும் வெங்காயம் தின்றவர் நோயாளியின் மேல் குனிந்து வாயைத் திறங்க என்று சொல்ல, முதலில் நீங்க மூடுங்க டாக்டர் என்று நோயாளி கெஞ்சினாராம். மறுநாள் படியிறங்கி வந்து, "சார், நம்ம நட்பு நட்பா இருக்கட்டும், பங்கு வியாபாரம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தன் மூட்டையில் மீந்ததையும் எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் மாதக் கடைசியில் பேரேட்டைக் கூட்டிப் பார்த்தோம். மளிகைச் செலவு முன்னைவிடக் கால் பங்கு ஏறியிருந்தது. அரைத் தவணை கட்ட வேண்டிய இடத்தில் ஒரு காசும் கூடுதலாகக் கட்டவில்லை, அந்த இரண்டு வருடம் இருந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உன் அத்தை கையை நீட்டினாள். "சாவி." "எதுக்கு?" "ஸ்டோர் கீப்பரை மாத்தியாச்சு." விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. இருபத்தேழு வருடச் சேவைக்காரன் ஒரே நாளில் மூட்டை தூக்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். அன்றிலிருந்து வங்கிக்குப் பணம் கட்டும் வேலையும் அவளிடமே போய்விட்டது.

அவள் செய்தது இதுதான், குறித்துக்கொள். முதல் வேலையாக அலமாரிப் பூட்டைக் கழற்றினாள். என்ன சமைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போகும் பழக்கத்தைத் தலைகீழாக்கினாள். வீட்டில் மிச்சம் என்ன இருக்கிறது, அன்று சந்தையில் எது மலிவு, இரண்டையும் பார்த்த பிறகுதான் அந்த வாரம் என்ன சமையல் என்பது. வியாழக்கிழமை கடைக்கே போவதில்லை, இருப்பதை வைத்துத்தான் சாப்பாடு. முட்டைக்கோஸும் முந்தாநாள் பருப்பும் அரை முட்டையும் சேர்ந்து என்ன ஆகும் என்று அறிய நானும் மகளும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருப்போம். பெரும்பாலும் தேறிவிடும். சாப்பிட்ட பிறகுதான் என்னைக் கடைக்கு அனுப்புவாள், பசித்த வயிற்றோடு நான் கடைக்குள் நுழைந்தால் கடையையே விலை பேசுவேன் என்பது அவள் கணிப்பு. கையில் சீட்டு, சீட்டுக்குச் சரியான காசு. ஒருமுறை சீட்டில் இல்லாத பிஸ்கட் ஒன்றை வாங்கிவிட்டு, காசு பற்றாமல் உப்பை விட்டுவிட்டு வந்தேன். அன்று முழுக்க எனக்கு மட்டும் உப்பில்லாச் சமையல், பக்கத்தில் அந்த பிஸ்கட்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, இந்த மூன்றரை வருடம்தான் நான் வாழ்க்கையில் நன்றாகச் சாப்பிட்டது. செலவு பாதியாய்க் குறைந்தது, ருசி கூடியது, என் இடுப்பு வார் இரண்டு துளை உள்ளே போனது. மாலையில் அவள் பீன்ஸ் நறுக்க, நான் நார் உரிக்க, மகள் படித்ததை ஒப்பிக்க, எங்கள் சமையலறை மேஜைக்கு ஈடாக ஒரு மேஜை எந்த அரண்மனையிலும் கிடையாது. இவ்வளவும் நான் முதலில் போட்ட அடித்தளத்தினால் வந்தது என்பதை நீ மறக்கக் கூடாது. தவறாகப் போட்டாலும் அடித்தளம் அடித்தளம்தான்.

இதோ, என் கணக்குப்படி இன்று கடைசித் தவணை. ரிடையர் ஆக இன்னும் ஒரு வருடம் முழுசாக இருக்கிறது. நானே நேரில் கட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். உன் அத்தை, "வெயில்ல எதுக்குங்க, நானே பார்த்துக்கறேன்" என்கிறாள். என் மேல் அவ்வளவு கரிசனம். தேய்த்த சட்டை, புது செருப்பு, கையில் பணம். பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெரு நடுவே நடந்து வரப்போகிறேன். இனி எங்கள் செங்கல் ஒவ்வொன்றும் எங்களுக்கே சொந்தம், கழிவறைச் செங்கல் உட்பட.

நீயும் உன் மனைவியும் கடன் சுருங்கி, கை பெருகி, அடுப்பும் சிரிப்பும் அணையாமல் நூறாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அக்காளுக்கு என் வணக்கத்தைச் சொல், மாமா இளைத்து அழகாகிவிட்டதாகவும் சொல்.

இப்படிக்கு,
இன்று பகல் பதினோரு மணி முதல் கடனற்ற மனிதனாகப் போகும்
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: வங்கிக்குப் போய் வந்தேன். பணத்தை நீட்டினேன். மேனேஜர் என்னை உட்கார வைத்து மறுபடியும் தண்ணீர் கொடுத்தார். "சார், இது நாலு மாசம் முன்னாடியே முடிஞ்சு போச்சே. மேடம் நான் சொன்ன ஒன்றரைத் தவணையைவிட மாசாமாசம் கூடவே கட்டியிருக்காங்க. வீடு அவங்க பேர்லதானே இருக்கு, பத்திரத்தையும் வாங்கிட்டுப் போயிட்டாங்க." நான்கு மாதமாக நான் கொடுத்த தவணைப் பணம் அதே வங்கியில் அவள் பெயரில் வைப்பாக உட்கார்ந்திருக்கிறதாம். வீட்டுக்கு வந்து, "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னா, கடன் முடிஞ்சுதுன்னு அன்னிக்கே எதையாவது வாங்கிட்டு வந்து நிப்பீங்க. இன்னும் ஒரு வருஷம் சேர்த்தா ரிடையர் ஆன பிறகு கவலையில்லை" என்றாள். என்னை இவ்வளவு குறைத்து எடை போட்டுவிட்டாளே என்று மனம் நொந்து, பதில் சொல்ல வாயைத் திறந்த அதே நேரம் வாசலில் வண்டி வந்து நின்றது. மேனேஜர் வாங்க மறுத்த பணம் சட்டைப் பையில் சும்மா இருந்ததா, வருகிற வழியில் ஒரு நாற்காலிக் கடை திறந்திருந்ததா, பின்னால் சாய்ந்தால் கால் தானாக மேலே எழும்பும் நாற்காலி ஒன்று இருந்ததா, அவ்வளவுதான் நடந்தது. இந்தப் பின்குறிப்பை அதில் சாய்ந்தபடிதான் எழுதுகிறேன். உன் அத்தை வாசலில் வண்டிக்காரரிடம் திருப்பி எடுத்துப் போகப் பேசி முடித்துவிட்டாள், இரண்டு பேரும் என்னை எழுந்திருக்கச் சொல்கிறார்கள். மேலே போன காலை எப்படிக் கீழே இறக்குவது என்று கடைக்காரர் சொல்லித் தரவில்லை.