பஞ்சுவுக்குள் புகுந்த லைன்மேன்

அந்த மாதம் கீரமங்கலத்தில் பூ விலையைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. பேச்செல்லாம் நாய்க்குட்டிகளைப் பற்றித்தான்.

ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கே அங்கே பந்தல் நிறைந்துவிடும். விராலிமலையிலிருந்து வேன், பொன்னமராவதியிலிருந்து கார், ஆலங்குடியிலிருந்து ஷேர் ஆட்டோ. வந்தவர்கள் மடியிலெல்லாம் ஒரு குட்டி. கைப்பையிலெல்லாம் அந்தக் குட்டி கடித்துக் குதறிய வயர். சார்ஜர் வயர், மிக்சி வயர், டேபிள் ஃபேன் வயர். ஒரு அம்மா ஃபிரிட்ஜையே வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். வயரைத் தனியாகக் கழற்றத் தெரியவில்லையாம்.

பந்தலின் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் விரித்த மான்தோல் அச்சுப் போர்வையில் உட்கார்ந்திருந்தார் மின்னல் சித்தர். அவர் கண்டு சொன்ன உண்மை இதுதான். குட்டி வயரைக் கடிப்பது பசியால் அல்ல, பல்லால் அல்ல. கம்பத்தில் ஏறி வேலையை முடிக்காமலே உயிரை விட்ட ஒரு லைன்மேனின் ஆவி, மிச்ச வேலையை முடிக்க நாய்க்குட்டிக்குள் வந்திருக்கிறது. செத்த பிறகும் டியூட்டிக்கு வருகிற மனிதர்! அவருக்கு ஒரு பாராட்டு விழா நடத்தாமல் ஓட்டச் சொல்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“ராஜபாளையம், லேப்ரடார், பொமரேனியன் வச்சிருக்கவங்கள்லாம் இங்கிட்டு வாங்க! நாட்டுக்குட்டி எல்லாம் அங்கிட்டு வரிசையில நில்லுங்க!” என்று மைக்கில் கத்திக்கொண்டிருந்தார் சித்தரின் சீடர் திருப்பதி.

ஆவி ஓட்டுகிற இடத்திலும் வரிசையை ஜாதி பார்த்துத்தான் பிரித்திருந்தார்கள். நாட்டுக்குட்டி என்றால் லேசான ஆவி. மந்திரித்த சந்தனம் ஒரு டப்பா, வயரில் தடவினால் போதும். ஜாதி நாய் என்றால் பொல்லாத ஆவி. குட்டியையே சித்தரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். லைன்மேன்களுக்கு விலை உயர்ந்த நாய்தான் பிடிக்கும் என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது.

இங்கிட்டு வரிசையில், வெள்ளைவெளேர் என்ற ராஜபாளையம் குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வனிதா நின்றாள். குட்டியின் பெயர் பஞ்சு. பக்கத்தில் மாமியார் அழகம்மாள். இது அவர்களுக்கு மூன்றாவது வெள்ளி.

வனிதாவின் கணவன் பிரவீன்குமார் சிங்கப்பூரில் எலக்ட்ரீசியன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்வான். அந்த நேரத்துக்குச் சரியாக சார்ஜர் வயர் இரண்டு துண்டாகக் கிடக்கும். முதல் தடவை வனிதாவுக்கு அழுகை வந்தது. நான்காவது தடவை, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு நிம்மதி வந்தது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதைத் தாண்டி இருவருக்கும் பேச்சு ஓடாமல் போய்ப் பல நாளாகியிருந்தது. பேசாமல் இருந்ததற்கு ஒரு காரணம் கிடைத்தது. அந்தக் காரணமும் தன்னுடையதல்ல, ஒரு ஆவியுடையது என்றபோது, அதை நம்புவது இன்னும் சுலபமாக இருந்தது.

முதல் வெள்ளி விவரம் தெரியாமல் நாட்டுக்குட்டி வரிசையில் நின்று, சந்தனம் வாங்கித் தடவினார்கள். அதிசயம்! மூன்று நாள் பஞ்சு வயர் பக்கமே போகவில்லை. அழகம்மாள் தெரு முழுக்கச் சொல்லி, இருபது பேரைத் தோப்புக்கு அனுப்பி வைத்தாள். நான்காம் நாள், அதே அழகம்மாள் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று வயரையும் ஈரத்துணியால் துடைத்தாள். மதியமே வயர் துண்டு.

இரண்டாவது வெள்ளி சித்தர் பஞ்சுவை உற்றுப் பார்த்தார். பல்லைப் பார்க்கவில்லை, பாதத்தையும் மார்பையும் வாலையும்தான் பார்த்தார்.

“இது சீனியர் லைன்மேன். எனக்கே அடங்கமாட்டேங்கிறான். அடுத்த வெள்ளிக்குள்ள குட்டிய இங்க விட்டுடணும். இல்லேன்னா வீட்டு ஆம்பளைக்கு ஆகாது.”

“ஐயோ சாமி! எம் மகனே கரண்டு வேலைதானே பாக்குறான்!” என்று அழகம்மாள் நெஞ்சில் கை வைத்துவிட்டாள். அத்தோடு பஞ்சுவின் கதை முடிந்தது என்றுதான் வனிதா நினைத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் விட மனம் வராது.

வியாழக்கிழமை மதியம், பக்கத்துத் தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பொற்கொடி வந்தாள், கடிபட்ட டேபிள் ஃபேன் வயரை மாற்ற.

“எத்தனையாவது வயரு இது?”

“ஆறாவது, அக்கா.”

“குட்டிக்கு எத்தன மாசம்?”

“நாலு முடிஞ்சிருச்சு.”

“வாயத் தொறந்து பாத்தியா?”

யாருமே பார்த்திருக்கவில்லை. கையில் பிடித்து வரிசையில் நின்றவர்கள், மடியில் வைத்து அழுதவர்கள், ஒருவரும் அந்த வாயைத் திறந்து பார்க்கவில்லை. பொற்கொடி விரலால் உதட்டைத் தூக்கினாள். ஈறு செக்கச் சிவந்திருந்தது. அரிசி மாதிரி ஒரு பால்பல் ஆடிக்கொண்டிருந்தது.

“பல்லு முளைக்குது புள்ள. எதையாவது கடிச்சாத்தான் அதுக்குத் தினவு அடங்கும். நீ பாலர் பள்ளிக்கு வேலைக்குப் போயிட்டா பகலெல்லாம் இது தனியாத்தானே கெடக்கு? ஒன் கை வாசம் எதுல அடிக்குதோ அதத் தேடிக் கடிக்குது. சார்ஜரு பூரா ஒன் கைதானே?”

வனிதாவுக்குச் சுருக்கென்றது. தன்னைத்தான் அது கடித்துக்கொண்டிருந்ததா?

“அப்ப சந்தனம் தடவுனா மட்டும் ஏன்க்கா கடிக்கல?”

பொற்கொடி அந்தச் சந்தன டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். முகம் கோணியது. பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

“ஈரச் சந்தனத்தக் கொண்டுபோயி பிஞ்ச வயர்ல பூசச் சொல்லியிருக்கானே பாவி, கைய வச்சா ஷாக்கு அடிக்காது? நாளைக்கு நானும் வாரேன். நான் சொல்றத மட்டும் செய்யி. ஒங்க அத்தைய வீட்டுல நல்ல சந்தனம் அரைக்கச் சொல்லு.”

மகனுக்கு நல்லது என்றதும் அழகம்மாள் விடியற்காலையிலேயே சந்தனக் கட்டையை எடுத்து, கல்லில் தோள் வலிக்க அரைத்தாள்.

இப்போது வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தது. திருப்பதி குட்டியை வாங்கக் கையை நீட்டினார். வனிதா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சாமி, பிரியறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி. இது எங்க அத்தை கையால அரைச்ச சுத்த சந்தனம். நீங்களே மந்திரிச்சு, நீங்களே இந்தத் துண்டு வயர்ல தடவுங்க.”

சித்தர் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு தன் தட்டில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார்.

“என்கிட்டயே இருக்கேம்மா.”

“ஏன் சாமி, நான் அரைச்சது ஆகாதா?” என்றாள் அழகம்மாள். அந்தக் குரலுக்கு அவள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. சுற்றிலும் ரீல்ஸ் எடுக்க முப்பது போன்கள் உயர்ந்தன. “சாமி, செஞ்சு காட்டுங்க சாமி!” என்றது கூட்டம்.

வேறு வழியில்லை. சித்தர் கண்ணை மூடி, இருபத்தொரு தடவை மந்திரம் சொல்லி, அழகம்மாளின் சந்தனத்தை வயரில் பூசி, பஞ்சுவின் முன்னால் போட்டார்.

பஞ்சு முகர்ந்தது. சந்தனத்தைச் சுத்தமாக நக்கியது. முன்னங்கால்களால் வயரை அமுக்கிக்கொண்டு, வாலை ஆட்டியபடி, கரும்பு தின்பதுபோல் கடிக்கத் தொடங்கியது.

“பாத்தீங்களா!” என்று சித்தர் எழுந்துவிட்டார். “மந்திரத்தையே திங்கிறான்! இவன் சீனியர்னு நான் சொல்லல? இப்பவே குட்டிய விட்டுட்டுப் போங்க!”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அழகம்மாள் நடுங்கிப்போய், பஞ்சுவின் கயிற்றை எடுத்துத் திருப்பதியின் கையில் திணித்துவிட்டாள். குட்டி திரும்பிப் பார்த்தது. அது வனிதாவைத்தான் பார்த்தது. வாலை இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தது.

வனிதாவுக்குள் ஏதோ ஒன்று குதித்தது. பயம் இருந்த இடத்தில் திடீரென்று சிரிப்புதான் இருந்தது. பாய்ந்துபோய்ச் சித்தரின் தட்டிலிருந்த சந்தனத்தை அள்ளினாள். இன்னொரு துண்டு வயரை எடுத்து அதில் பூசினாள்.

“மந்திரம் தெரியாமத் தொடாதே!”

“தெரியும் சாமி” என்றாள். கண்ணை மூடினாள். கண்டக்டர் குரலில் முழங்கினாள். “கொத்தமங்கலம், வம்பன், ஆலங்குடி, புதுக்கோட்டை! ஏறு ஏறு ஏறு! உள்ள போ உள்ள போ!”

வயர் பஞ்சுவின் முன்னால் விழுந்தது. குட்டி முகர்ந்தது. ஒரு கடி. உடனே துப்பியது. தும்மியது. தலையை உதறியது. திருப்பதியின் கையிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவந்து வனிதாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அப்புறம் அங்கிட்டு வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஏய், லைன்மேன் ஆலங்குடி பஸ்ஸுக்குப் பயந்துட்டாருப்பா!”

பந்தல் குலுங்கியது. பொற்கொடி முன்னால் வந்தாள்.

“மந்திரிச்ச வயரத் தின்னுது. மந்திரிக்காத வயரத் துப்புது. அப்ப மந்திரத்துலயா இருக்கு, சந்தனத்துலயா?”

அழகம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தான் அரைத்ததில் என்ன குறை, இந்த ஆள் அரைத்ததில் என்ன உசத்தி? தட்டிலிருந்து ஒரு விரல் வழித்து வாயில் வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அன்றைய ரீல்ஸ் எல்லாம் ஓடின.

“ஆத்தாடி! இது டெங்குக் கசாயமுல்ல!”

டெங்குக் காலத்தில் டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்த நிலவேம்பை அந்தப் பந்தலில் மறந்தவர் யார்? ஆளாளுக்கு ஒரு விரல் வழித்தார்கள். ஆளாளுக்கு முகம் கோணியது. “அதேதான்!” “அதே கருமாந்திரம்!” ஃபிரிட்ஜோடு வந்த அம்மா இரண்டாவது விரலும் வழித்து உறுதி செய்துகொண்டார். நிலவேம்புப் பொடியில் கொஞ்சம் சந்தனப் பொடி. லைன்மேன் ஓடியது அந்தக் கசப்புக்குத்தான்.

சித்தர் பின்பக்கமாகத் தோப்புக் கொட்டகைக்கு நழுவினார். கூட்டமும் பின்னாலேயே போனது. கொட்டகைக்குள் பதினொரு குட்டிகள். பொல்லாத ஆவி பிடித்ததென்று ஒப்படைக்கப்பட்ட ராஜபாளையம், லேப்ரடார், பொமரேனியன் எல்லாம் குளித்து, பவுடர் பூசி, கழுத்தில் ரிப்பன் கட்டி, விற்பனைக்குத் தயாராக நின்றன. அழுதுகொண்டே விட்டுப்போனவர்கள் இப்போது கத்திக்கொண்டே தூக்கினார்கள். “ஏய் டாமி!” “அடியே ரோசி, என் தங்கமே!”

பொற்கொடி மட்டும் குட்டிகளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். ஃபேன் வயர், லைட் வயர், சார்ஜர் வயர், எல்லாமே பைப்புக்குள் போட்டு, ஆள் உயரத்துக்கு மேலே கிளாம்ப் அடித்து மாட்டியிருந்தது. தரையில் ஒரு வயர் இல்லை. தரையில் கிடந்தவை முடிச்சுப் போட்ட பழைய துணிகள். குட்டிகள் அவற்றைத்தான் கடித்துக்கொண்டிருந்தன.

“ஏன் சாமி, ஆவிய அடக்குறவருக்கு எதுக்குப் பைப்பு?”

சித்தருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆதார் அட்டையில் சந்தோஷ்குமார் என்றிருந்த அந்த மனிதர், மூன்று மாதத்தில் முதல் தடவையாக உண்மை பேசினார்.

“இல்லேன்னா குட்டிங்க கடிச்சிருமுங்க.”

அன்று சாயங்காலமே பொற்கொடி வனிதா வீட்டு வயர்களைப் பைப்புக்குள் ஏற்றினாள். பிரவீன்குமாரின் பழைய ஜீன்ஸ் கால் ஒன்று, முடிச்சுப் போட்டு நனைத்துப் பஞ்சுவின் வாய்க்குப் போனது. ஏழு மணிக்குப் போன் வந்தது. வயர் முழுசாக இருந்தது. பேசாமல் தப்பிக்க வனிதாவுக்கு ஆவியும் இல்லை. நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். கண்டக்டர் குரல் வந்தபோது அவன் அங்கே சிரித்த சிரிப்பில் இவளுக்குக் காது வலித்தது. கல்யாணத்தன்று கேட்ட சிரிப்பு அது. ஒரு மணி நேரம் பேசினார்கள்.

பேசி முடிக்கும்போது அழகம்மாளின் போனில் டிங் என்றது. வாட்ஸப்பில் புதுச் செய்தி. எங்கோ ஒரு சாமியார் மந்திரித்த எலுமிச்சம்பழத்தை மீட்டர் பெட்டியில் கட்டினால் கரண்ட் பில் பாதியாகிவிடுமாம்.

வனிதா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அழகம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பிறகு போனைக் கீழே நீட்டினாள், பஞ்சுவின் மூக்குக்கு நேராக.

“இந்தா, மொதல்ல நீ மோந்து பாரு” என்றாள். “நாங்க அப்பிடியே முழுங்கிப் பழகிட்டோம்.”